மாப்பிள்ளைச் சம்பா பக்கத்தில் காட்டுயானத்தின் அட்டவணை

சித்தப்பாவின் விதைநெல் கையேடு போன வாரம் அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. ஏ5 அளவு, 16 பக்கம், 60 பிரதி. அதில் 12 பக்கங்களில் பத்திக்குப் பக்கவாட்டில், தாளின் வெளி ஓரமாக, ஐந்து வரி கொண்ட ஒரு குட்டி அட்டவணை நிற்கிறது. படிக்கிறவர்கள் யாரும் அதைத் தனியாகக் கவனிக்கப்போவதில்லை. அதை அங்கே நிற்க வைக்க எனக்கு ஐந்து ராத்திரி ஆனது. ஆறாவது ராத்திரி நாற்பது நிமிஷத்தில் பன்னிரண்டும் முடிந்தன. அந்த ஐந்து ராத்திரியில் என்ன செய்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம் நாலு ஏக்கர். ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கி, மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்துப் பழகியவர். இப்போது அதே கணக்கில் ஊர்க்காரர்களுக்கு அவரும் விதை கொடுக்கிறார். வாங்கிப் போகிறவர்கள் நாலு நாள் கழித்து போன் போட்டு, "இது எத்தனை நாள் நெல்லு, எந்தப் பட்டத்துல விடணும்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. விதைப் பையோடு போட்டுக் கொடுக்க ஒரு கையேடு வேண்டும் என்றார். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பக்கம். அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கும் அனுபவம் இரண்டு மூன்று பத்தி. ஓரத்தில் அட்டவணை: வயது, பட்டம், அரிசி நிறம், பயிரின் உயரம், விதையளவு. "பத்தியைப் படிக்க மாட்டானுவோ. பெட்டியை மட்டுந்தான் பார்ப்பானுவோ. அதனால பெட்டி கண்ணுல படுற மாதிரி ஓரமா இருக்கணும்" என்றார். ரொம்பச் சரியான பேச்சு. வடிவமைப்புக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

என்னிடம் இருப்பது உபுண்டு 22.04 போட்ட பழைய லேப்டாப். அதில் லிப்ரெஆபீஸ் 7.3. அதற்குள் இருக்கும் ரைட்டர் என்ற எழுத்துச் செயலியில்தான் செய்தாக வேண்டும். அவருடைய பழைய துண்டறிக்கை ஒன்று பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. அதை யூனிகோடுக்கு மாற்றி, ஒற்று விட்டுப்போன இடங்களைச் சரிசெய்ததில் ஒரு சாயங்காலம் போனது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பக்க அளவு: அகலம் 148 மி.மீ. தைக்கிற பக்கம் 18, வெளிப்பக்கம் 12 விட்டால் எழுத்துக்கு 118 மி.மீ. அட்டவணைக்கு 50 மி.மீ போதும் என்று ஸ்கேலை வைத்துப் பார்த்து முடிவு செய்தேன். இது கடைசி வரை மாறவில்லை. மாறாமல் இருந்த ஒரே விஷயம் இதுதான்.

முதல் ராத்திரி. வேர்டில் அட்டவணையின் மேல் இடது மூலையில் நாலு பக்கமும் அம்புக்குறி போட்ட சின்னக் கட்டம் வரும். அதைப் பிடித்து இழுத்தால் அட்டவணை கூடவே வரும். அந்த ஞாபகத்தில் ரைட்டரில் அந்தக் கட்டத்தைத் தேடினேன். கிடையாது. அட்டவணையை எலியால் பிடித்து இழுக்க எவ்வளவு பார்த்தாலும் கோடுதான் நகர்கிறது, அட்டவணை நகரவில்லை. பிறகு டேபிள் ப்ராபர்ட்டீஸைத் திறந்தேன். அகலத்தை 5 செ.மீ என்று மாற்றலாம் என்றால் அந்தக் கட்டம் மங்கலாகக் கிடக்கிறது. அலைன்மென்ட் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கும்வரை அட்டவணை பக்க அகலம் முழுக்கப் படுத்துக்கொள்ளும், அகலத்தைத் தொட விடாது. அதை 'ரைட்' என்று மாற்றிய பிறகுதான் 5 செ.மீ போட முடிந்தது. அட்டவணை வலது ஓரம் போய் நின்றது. சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட இல்லை. அதற்கு இடது பக்கம் 68 மி.மீ வெறும் வெள்ளை. பத்தி பக்கத்தில் வரவே இல்லை, கீழேதான் தொடங்குகிறது. ஸ்பேஸிங்கில் மேலே கீழே எவ்வளவு போட்டாலும் வெள்ளைதான் கூடுகிறது. ரைட்டரில் வெறும் அட்டவணை எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் ஒரு முழு வரிசையையே எடுத்துக்கொள்ளும். இழுத்து இழுத்துப் பார்த்ததற்குப் பதில் இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் சீக்கிரம் தூங்கியிருப்பேன்.

இரண்டாவது ராத்திரி ஒரு குறுக்கு வழி. பக்கத்துக்கு ஒரு பெரிய அட்டவணை, இரண்டே கட்டம், கோடு எதுவும் தெரியாது. இடது கட்டத்தில் பத்தி, வலது கட்டத்துக்குள் அந்தக் குட்டி அட்டவணை. அட்டவணைக்குள் அட்டவணை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பூங்கார் ரகத்தின் பக்கம் வரைக்கும். பூங்காரைப் பற்றிச் சித்தப்பா எழுதியது கம்மி. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு வந்தபோது மூன்று பத்தி. குட்டி அட்டவணை நாலு செ.மீ உயரத்தில் முடிந்துவிடுகிறது. பத்தியோ பக்கம் முழுக்க அந்த ஒல்லிச் சந்துக்குள்ளேயே இறங்கிக்கொண்டு போகிறது. அட்டவணை முடிந்த இடத்துக்குக் கீழே எழுத்து விரிந்து முழு அகலத்துக்கும் ஓட வேண்டும், அதுதானே அழகு? கட்டத்துக்குள் அது நடக்காது. வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு ஆள் அகலத்துக்கு நடைபாதை விட்டுவிட்டு அதிலேயே கல்யாணம் நடத்துகிற மாதிரி இருந்தது.

மூன்றாவது ராத்திரி செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அட்டவணைகளை ஒரு தனிக் கோப்பில் அடித்து, திரையைப் படம் பிடித்து, படமாகவே ஒட்டிவிட்டேன். படத்தை எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம், சுற்றி எழுத்து ஓடும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்த நாள் மாதிரிக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்.

"ஏன்டா, பூங்காரு நூத்தித் தொண்ணூறு நாளா? நெல்லா, தென்னம்பிள்ளையா?"

90 என்பது 190 ஆகியிருந்தது. படத்துக்குள் இருக்கும் எண்ணை அழிக்க முடியாது. மறுபடி மூலக் கோப்பைத் திறந்து, திருத்தி, படம் பிடித்து, வெட்டி, பழையதை எடுத்து, புதியதை ஒட்டி, அதே இடத்துக்கு இழுத்து. ஒரு ஒன்றுக்காக இவ்வளவு. தாளிலும் பத்தியின் எழுத்து கருகருவென்று விழுந்திருக்க, படத்தில் இருந்த எழுத்து மட்டும் ஈரத்தில் ஊறின மாதிரி இருந்தது. காலும் கொம்பும் பக்கத்து எழுத்தோடு ஒட்டிப்போய், 'கொ' என்பதையே யோசித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. படத்தை விட்டேன்.

நான்காவது ராத்திரிதான் ஃபிரேமுக்கு வந்தேன், அதாவது உள்ளே எழுத்தோ அட்டவணையோ வைக்கக்கூடிய ஒரு பெட்டி. இன்செர்ட் மெனுவில் ஃபிரேம் என்று இருக்கிறது. பல வருஷமாகப் பார்த்தும் ஒரு நாளும் தொட்டதில்லை. விஷயம் எளிது. அட்டவணையை நகர்த்த முடியாது, ஆனால் ஃபிரேமை நகர்த்தலாம். அட்டவணையைக் கொண்டுபோய் ஒரு ஃபிரேமுக்குள் உட்கார வைத்துவிட்டால் தீர்ந்தது. ஆளை நகர்த்த முடியாவிட்டால் நாற்காலியோடு தூக்குவதுதான்.

ஃபிரேம் அகலம் 5 செ.மீ. உயரத்துக்குப் பக்கத்தில் 'ஆட்டோசைஸ்' என்பதை டிக் செய்தால் உள்ளே இருப்பது வளர வளர ஃபிரேமும் வளரும். செய்யாவிட்டால் கடைசி வரி வெட்டுப்பட்டுப்போகும்; விதையளவுதான் கடைசி வரி, சித்தப்பாவுக்கு அதுதான் முக்கியம். பிறகு பழைய அட்டவணையை நகலெடுத்து ஃபிரேமுக்குள் ஒட்டி, பழையதை டேபிள் மெனு வழியாக நீக்கினேன். உள்ளே போன அட்டவணைக்கு அலைன்மென்டை மறுபடி 'ஆட்டோமேட்டிக்' ஆக்கினேன். இந்த இடத்தில் அது நல்லது, ஃபிரேமின் அகலத்துக்குத் தானாகப் பொருந்திக்கொள்கிறது.

இரண்டு அழுக்கு வேலை மிச்சம். ஒன்று, ஃபிரேமுக்கே ஒரு மெல்லிய கோடும் உள் இடைவெளியும் தானாக வருகிறது. அட்டவணைக் கோடும் சேர்ந்து இரட்டைக் கோடாகத் தெரியும், பழைய கல்யாணப் பத்திரிகை ஓரம் மாதிரி. பார்டர்ஸ் பகுதியில் கோட்டை எடுத்து, பேடிங்கை 0 ஆக்க வேண்டும். இரண்டாவது, அட்டவணைக்குக் கீழே ஒரு காலி வரி ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அழிக்கப் பார்த்தால் போகாது. அதனால் அதன் எழுத்தளவை 2 புள்ளி ஆக்கி, பத்தி இடைவெளியை 0 ஆக்கிக் கண்ணில் படாமல் ஒளித்தேன். ரைட்டரில் தமிழ் எழுத்துக்கு அளவு தனி. ஸ்டைலில் முதலில் கண்ணில் படும் எண் ஆங்கிலத்துக்கு; 'காம்ப்ளெக்ஸ்' என்று இருக்கும் இடத்தில் மாற்றினால்தான் தமிழ் எழுத்து மாறும். முதல் நாள் பத்தியை 12-இலிருந்து 11 ஆக்கியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று கால் மணி நேரம் குழம்பியது இதனால்தான். காலி வரிக்கு எதற்கு வம்பு என்று இரண்டு இடத்திலும் 2 போட்டேன்.

ராப் என்ற பகுதியில் 'பேரலல்' என்று வைத்தேன். எழுத்து அட்டவணையின் பக்கவாட்டில் ஓடி, அது முடிந்ததும் முழு அகலத்துக்கு விரிந்தது. இரண்டு ராத்திரியாக நான் தேடிய அழகு. அப்போதே படுக்கப் போயிருக்க வேண்டும்.

ஃபிரேம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அங்கே நாலு தெரிவு: பக்கத்தோடு, பத்தியோடு, எழுத்தோடு, எழுத்தாகவே. ஆங்கர் என்கிறார்கள், திரையிலும் ஒரு நங்கூரப் படம்தான் வருகிறது. எனக்கு வேண்டியது பக்கத்தின் ஓரத்தில் நிற்பதுதானே, 'டு பேஜ்' என்று வைத்தேன். பதினோரு ரகம், பதினோரு ஃபிரேம், எல்லாம் மேல் ஓரத்திலிருந்து 3.5 செ.மீ, அச்சுப் பிசகாமல். ஸ்கேலை வைத்துப் பார்த்தாலும் ஒரே கோட்டில் நின்றன. பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் சித்தப்பா எண்ணிப் பார்த்தார். தலைப்புப் பக்கம், முன்னுரை, பதினோரு ரகம், கடைசியில் மாதவாரி வேலைப் பட்டியல் இரண்டு பக்கம். ஆக 15. ஏ4 தாளை மடித்துத் தைத்தால் ஒரு தாளுக்கு நாலு பக்கம், 16 பக்கம் வந்தே தீரும். "ஒரு பக்கம் சும்மா கெடக்குதே, அறுபதாம் குறுவையைச் சேத்துடு. அதான் எல்லாத்துக்கும் முன்னாடி அறுப்புக்கு வர்றது, அதனால மொதல்ல வரட்டும்" என்றார். ரகங்களை வயது வரிசையில்தான் அடுக்கியிருந்தோம், குறுகியதிலிருந்து நீண்டது வரை. நியாயமான கோரிக்கை.

மூன்றாம் பக்கத்தின் தலையில் அறுபதாம் குறுவையை ஒட்டி, பக்கத்தை முறித்தேன். பத்திகளெல்லாம் சமர்த்தாக ஒரு பக்கம் தள்ளிப் போயின. அட்டவணைகள் அசையவில்லை. அறுபதாம் குறுவைக்குப் பக்கத்தில் பூங்காரின் அட்டவணை. பூங்காருக்குப் பக்கத்தில் அடுத்த ரகத்துடையது. இப்படியே போய் மாப்பிள்ளைச் சம்பாவுக்குப் பக்கத்தில் காட்டுயானத்தின் அட்டவணை. காட்டுயானம் மொட்டையாகக் கடைசி ரகப் பக்கத்தில். இதில் பயம் என்னவென்றால், பார்த்தவுடன் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் அழகாகத்தான் இருந்தது. அட்டவணைக்குள் ரகத்தின் பெயரை நான் போடவும் இல்லை, மேலே தலைப்பில் இருக்கிறதே என்று. மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் என்பது சித்தப்பா நோட்டு. பக்கத்தில் நின்ற அட்டவணை 180 என்றது. அதை மட்டும் பார்த்துத் தண்ணீர்க் கணக்குப் போடுகிறவன் இருபது நாள் ஏமாந்து போவான்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. இந்த அட்டவணை தாளில் எங்கே நிற்க வேண்டும் என்றே நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அது எந்த வாக்கியத்தோடு போக வேண்டும் என்று கேட்கவே இல்லை. கன்றுக்குட்டியைத் தொழுவத்தில் கட்டிவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் கன்று எப்படிப் பின்னால் வரும்?

ஐந்தாவது ராத்திரி நங்கூரங்களை மாற்றிப் பார்ப்பதிலேயே போனது. 'ஆஸ் கேரக்டர்' என்பது ஃபிரேமை ஒரு பெரிய எழுத்தாக நினைத்துக்கொள்கிறது, நாலு செ.மீ உயர எழுத்து ஒன்று வரியில் நின்றால் அந்த வரியே நாலு செ.மீ ஆகிவிடும், சுற்றி எழுத்து ஓடாது. நமக்கு ஆகாது. 'டு பாராகிராஃப்', 'டு கேரக்டர்' இரண்டும் பத்தியோடு பயணம் செய்கின்றன. நான் எழுத்தோடு கட்டினேன். நங்கூரத்தை எந்த இடத்தில் போடுவது என்பதில் ஒரு தப்பு செய்தேன், தலைப்பு வரியில் போட்டுவிட்டேன். அட்டவணை தலைப்புக்குப் பக்கத்தில் ஏறி நின்று, 'கருப்புக் கவுனி' என்ற இரண்டு சொல்லை இரண்டு வரியாக உடைத்தது. முதல் பத்தியின் முதல் எழுத்துக்கு மாற்றியதும் சரியானது. உயரத்துக்கு மேலிருந்து 0.1 செ.மீ இறக்கினேன், அட்டவணையின் மேல்கோடும் முதல் வரியின் தலையும் அப்போதுதான் ஒட்டிப் போயின.

இன்னொரு சிக்கல் பக்கத்தின் அடியில். ஒரு பத்தி பக்கத்தின் கடைசியில் தொடங்கினால் அட்டவணைக்குக் கீழே இடம் இருக்காது. அப்போது அது மேலே ஏறி முந்தின ரகத்தின் எழுத்தைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நான் அதுவரை கன்ட்ரோல் என்டர் அடித்துக் கையால் பக்கங்களை முறித்து வைத்திருந்தேன், அதில் ஒன்றைத் தெரியாமல் அழித்ததால் வந்த வினை. ரகப் பெயருக்கான தலைப்பு ஸ்டைலிலேயே 'அதற்கு முன் புதுப் பக்கம்' என்று வைத்துவிட்டு, கையால் போட்ட முறிப்புகளையெல்லாம் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வலது பக்கத் தாளில் அட்டவணை வலது ஓரம், இடது பக்கத் தாளில் இடது ஓரம். சித்தப்பா கேட்டது கட்டை விரலால் புரட்டும்போது பெட்டி தெரிய வேண்டும் என்று. ஒவ்வொன்றாக மாற்றத் தேவையில்லை. பக்க ஸ்டைலில் 'மிரர்ட்' என்று வைத்து, ஃபிரேமை 'ரைட்' என்று நிறுத்தி, 'மிரர் ஆன் ஈவன் பேஜஸ்' என்பதை டிக் செய்தால் இரட்டைப்படைப் பக்கங்களில் தானாகத் திரும்பிக்கொள்கிறது. எழுத்துக்கும் அட்டவணைக்கும் நடுவே 4 மி.மீ இடைவெளி வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கட்டும் என்று இரண்டு புறமும் 0.4 போட்டேன். இதனால் வெளிப்பக்கம் 4 மி.மீ வீண். எழுத்துக்கு மிஞ்சியது 60 மி.மீ.

60 மி.மீ என்பது தமிழுக்கு இறுக்கம். 11 புள்ளியில் வரிக்கு மூன்று சொல், நீளமான சொல் வந்தால் இரண்டு. 'வெள்ளத்திலும் சாயாமல்' என்று ஒரு வரி. அடுத்து வரவேண்டிய 'நின்றுகொள்ளும்' உள்ளே பிடிக்காமல் கீழே போய்விட, இருபுறமும் சமமாக நிரப்பச் சொல்லியிருந்ததால் அந்த இரண்டு சொல்லும் ஆளுக்கொரு ஓரத்தில் போய் நின்றன, நடுவில் ஒரு வாய்க்கால். பத்தியை இடது ஓரச் சீராக மாற்றினேன். வலது ஓரம் பிசிறாகத்தான் இருக்கிறது. வாய்க்காலுக்கு அது மேல்.

ஆறாவது ராத்திரி நாற்பது நிமிஷம் என்றேனே, அது இப்படி. பூங்காருக்கு ஒரு ஃபிரேமை ஒழுங்காகச் செய்து முடித்தேன். கர்சரை அட்டவணைக்குள் வைத்து எஸ்கேப் அடித்தால் ஃபிரேம் முழுதாகத் தேர்வாகிறது (கோடு இல்லாத ஃபிரேமின் விளிம்பை எலியால் பிடிப்பதற்குள் கண் போய்விடும்). நகலெடுத்து, அடுத்த ரகத்தின் முதல் பத்தித் தொடக்கத்தில் கர்சரை வைத்து ஒட்டினால் நங்கூரம், இடைவெளி, திரும்பும் குணம் எல்லாம் கூடவே வருகின்றன. ஐந்து விவரங்களை மாற்றினால் போதும். எஃப்5 அடித்து நேவிகேட்டரைத் திறந்து, 'ஃபிரேம்1', 'ஃபிரேம்2' என்று கிடந்ததையெல்லாம் ரகப் பெயராக மாற்றினேன். அட்டவணையின் தலையிலும் ரகத்தின் பெயரை ஒரு வரியாகச் சேர்த்தேன். இனி தப்பிப் போனாலும் யாருடையது என்று அதுவே சொல்லும்.

கடைசி இரண்டு பக்க வேலைப் பட்டியலையும் ஆசையில் ஃபிரேமுக்குள் போட்டேன். 31 வரி. பக்கத்தின் அடியோடு வெட்டுப்பட்டது, மிச்சம் அடுத்த பக்கத்துக்கு வரவில்லை, காணோம். என்னிடம் இருக்கும் 7.3-இல் ஃபிரேம் பக்கம் தாண்டாது. 2023 ஆகஸ்டில் வந்த 7.6-இல்தான் மிதக்கும் அட்டவணை பக்கம் தாண்டி ஓடும் வசதி வந்தது. இந்த ஒரு பட்டியலுக்காக எல்லாவற்றையும் மேம்படுத்தப் போய் வேறு எதையாவது உடைப்பானேன் என்று, அதைச் சாதாரண அட்டவணையாகவே விட்டு, தலைவரி இரண்டாம் பக்கத்திலும் திரும்ப வரும்படி வைத்தேன். முழு அகல அட்டவணைக்கு ஃபிரேம் எதற்கு? தேவையே இல்லை.

வேர்டில் செய்கிறவர்களுக்கு: டேபிள் ப்ராபர்ட்டீஸில் டெக்ஸ்ட் ராப்பிங்கை 'அரவுண்ட்' ஆக்கினால் பக்கத்தில் 'பொசிஷனிங்' பட்டன் உயிர் பெறும். அதற்குள் 'மூவ் வித் டெக்ஸ்ட்' என்று ஒரு டிக் இருக்கிறது. என் நாலாவது ராத்திரிக் கதை உங்களுக்கு வேண்டாம் என்றால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போன கதை சுருக்கமாக. கடையில் வேர்டுதான் இருக்கும் என்று டாக்ஸ் கோப்பாகச் சேமித்து பென்டிரைவில் கொண்டுபோனேன். அந்தக் கணினியில் என் தமிழ் எழுத்துரு இல்லை. வேறொன்று வந்து உட்கார்ந்தது, வரி உயரம் கூடியது, 16 பக்கம் 19 ஆனது. கடைக்கார அண்ணன், "தம்பி, பிடிஎஃப்பா குடுத்தீங்கன்னா நான் எதையும் தொடவே மாட்டேன்" என்றார். திரும்பி வந்து பிடிஎஃப் ஆக்கினேன், எழுத்துரு உள்ளேயே போய்விடும். முதல் மாதிரியில் பின்பக்கம் தலைகீழாக வந்தது. ஏ4 தாளைப் படுக்கவைத்து இரண்டு ஏ5 பக்கம் அடிக்கும்போது குட்டை ஓரத்தில் புரட்டச் சொல்ல வேண்டும், அண்ணன் பழக்கத்தில் நீள ஓரத்தை விட்டுவிட்டார். இரண்டாவது மாதிரி சரி.

செலவு: பிரதிக்கு 4 தாள், 8 முகம். 60 பிரதிக்கு 480 முகம், முகத்துக்கு ₹1.25 வீதம் ₹600. மேலட்டை 60, ஒன்று ₹6 வீதம் ₹360. பின் அடிக்க ₹60. வீணாய்ப்போன மாதிரிகளுக்கு ₹70. மொத்தம் ₹1,090, பிரதிக்கு ₹18 சொச்சம்.

இன்னொரு தரம் செய்தால் அட்டவணை அகலத்தை 46 மி.மீ ஆகக் குறைத்து எழுத்துக்கு அந்த நாலைக் கொடுப்பேன். ஐந்து வரியில் 'பயிரின் உயரம்' என்ற சொல்தான் அகலத்தைத் தின்கிறது, 'உயரம்' என்றாலே புரியும். ஒரு பக்கத்தை முழுதாகச் செய்து, அச்செடுத்து, சித்தப்பா கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற பதினொன்றைத் தொடுவேன். ஒரு சோதனையும் சேர்ப்பேன்: நடுவில் எங்கேயாவது பத்து வரி குப்பையாக அடித்து, எல்லா அட்டவணையும் தன் ஆளோடு போகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பத்து வரியை அழிப்பது. நிமிஷ வேலை.

அந்தச் சோதனையை முந்தாநாள் சித்தப்பாவே நடத்திவிட்டார். 60-இல் 40 போய்விட்டது, அடுத்த அச்சில் கிச்சிலிச் சம்பாவும் வரட்டும் என்று போன். கோப்பைத் திறந்து நடுவில் ஒரு பக்கத்தைச் செருகினேன். கீழே இருந்த அட்டவணைகள் எல்லாம் தத்தம் பத்தியோடு நகர்ந்து, இடது வலது மாறி, ஒழுங்காகப் போய் நின்றன. ஆனால் பக்கம் 17 ஆகிவிட்டது, தைக்க 20 வேண்டும். "சித்தப்பா, இன்னும் மூணு ரகம் எழுதிக் குடுங்க, சரியா இருக்கும்" என்றேன்.

"மூணு என்னடா மூணு. நோட்டுல இன்னும் ஒம்போது கெடக்கு."

ஒன்பதையும் சேர்த்தால் 26. நாலால் வகுபடாது, இரண்டு பக்கம் இடிக்கிறது.